பின்னால் நான் இருக்கிறேன்

ஏப்ரல் 7, திங்கள்

ஜவுளிக்கடையில் கொடுத்த டைரி மூன்று மாதமாக அரிசி டப்பாவின் மேல் கிடந்தது. இன்று எடுத்துத் தூசி தட்டி எழுத உட்கார்ந்திருக்கிறேன். காரணம் பெருமைதான். பாக்கியக்கா இன்று ரோட்டில் வண்டி ஓட்டிவிட்டார்.

முழுப்பெயர் தனபாக்கியம். வயது நாற்பத்தாறு, என்னைவிட எட்டு வயது மூத்தவர். பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். பதினெட்டு வருடம் வீட்டுக்குப் பக்கத்துத் தெருப் பள்ளியில் இருந்தவரை இப்போது அறச்சலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் போய்ச் சேர வேண்டும். அந்த ஊருக்குக் காலையில் ஒரே ஒரு பஸ். அது போய்ச் சேரும்போது பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்பார்கள். வண்டி ஓட்டத் தெரிந்தால்தான் அவருக்கு வேலை.

லைசென்ஸ் இருக்கிறது. எட்டு போட்டு வாங்கியது. என்னிடம் வரும் பெண்களில் பாதிப்பேர் அப்படித்தான். எட்டு போடத் தெரியும், நேராகப் போகத் தெரியாது.

ஈரோட்டில் பெண்களுக்கு ஸ்கூட்டர் பழக்குகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் உமாராணி டீச்சரிடம் போனால் பயம் போகும் என்று பெயர் வாங்கி வைத்திருக்கிறேன். மைதானத்தில் பத்து நாள் நான் பின்சீட்டில் உட்காருவேன். அதற்குப் பிறகு ரோடு. அவர்கள் தனியாக ஓட்ட, நான் என் நீல வண்டியில் பின்னாலேயே போவேன். ரோட்டில் இறங்குவதற்கு முன் அவர்கள் வண்டியின் இரண்டு கண்ணாடிகளையும் உள்பக்கமாக மடக்கிவிடுவேன். புதிதாக ஓட்டுகிறவர்கள் கண்ணாடியில் ஒரு பஸ்ஸைப் பார்த்தால் போதும், கை வெடவெடவென்று ஆடும். சிக்னலில் சிவப்பு விழுந்தால் எஞ்சினை அணைத்துவிடச் சொல்வேன். பதற்றத்தில் ஆக்ஸிலேட்டரைத் திருகி முன்னால் நிற்கிறவர் மேல் ஏறிய பெண்களை நானே பார்த்திருக்கிறேன்.

"அப்ப பின்னாடி?" என்று எல்லோரும் கேட்பார்கள். "பின்னாடி நான் இருக்கறனுங்க. நீங்க முன்னாடி மட்டும் பாருங்க" என்பேன்.

பாக்கியக்கா அதோடு விடவில்லை. "ஏனுங் டீச்சர், நெசமாவே இருப்பீங்களா? நடுவுல டீ குடிக்கப் போயிர மாட்டீங்களே?"

"உங்களை முட்டோணும்னா என்னை முட்டிட்டுத்தானுங்கக்கா வரோணும்."

சிரித்துவிட்டார். சிரித்த பிறகு வண்டி நேராகப் போனது. இந்தத் தொழிலில் பாதி வாய்ப்பேச்சுதான்.

ஏப்ரல் 9, புதன்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. பெருந்துறை ரோட்டு சிக்னலில் பச்சை வலைப் பந்தல் போட்டுவிட்டார்கள். ஸ்கூட்டர், பைக்காரர்கள் எல்லோரும் அந்த நிழலுக்குள் ஒருவரை ஒருவர் உரசிக்கொண்டு நிற்கிறார்கள். மாவு புளித்துவிட்டது. சாயங்காலம் ஊத்தப்பம்.

ஏப்ரல் 11, வெள்ளி

விபத்து.

காலை பதினொன்றரை. பெருந்துறை ரோட்டு சிக்னல். சிவப்பு. பந்தலின் நிழல் முடிகிற இடத்தில் வரிசைக்குக் கடைசியாகப் பாக்கியக்கா நின்றார். நான் பக்கத்தில். பின்னால் வந்த சரக்கு வேன் அவர் வண்டியில் மோதிவிட்டது. வேன்காரர் போனைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். பாக்கியக்காவுக்கு இடது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பியது. நான்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. இன்றைக்கு இது போதும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஆபரேஷன் முடிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். பாக்கியக்காவின் வீட்டுக்காரர் நல்லசிவம் மஞ்சள் மண்டியில் எடை போடுகிறவர். அதிகம் பேசாத மனிதர். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கும்பிட்டார்.

"நீங்க மட்டும் கூட இல்லீனா ரோட்டுலயே கெடந்திருப்பாளுங்க" என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்களிடமும் சொன்னார். எனக்கென்று கீழே போய் இளநீர் வாங்கி வந்தார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். குடித்தேன்.

பாக்கியக்கா விழித்துத்தான் இருந்தார்.

"டீச்சர், நான் என்னங்க தப்புப் பண்ணினேன்?"

"ஒண்ணுமில்லீங்கக்கா. படுங்க."

"இல்லீங்க, ஏதோ பண்ணியிருக்கறேன். நெழலுக்கு ஆசப்பட்டு நிக்கக்கூடாத எடத்துல நின்னுட்டனாட்டம் இருக்குது."

நான் போர்வையைச் சரி செய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

அவருடைய வண்டி ஒர்க்ஷாப்பில் இருக்கிறது. பின்பக்கம் முழுக்க நசுங்கிவிட்டது. ஒரு கண்ணாடி உடைந்துவிட்டது. இன்னொன்று நேராக இருக்கிறது. அதை விபத்து நடந்த இடத்திலேயே, கூட்டம் சேருவதற்கு முன்பே, நான் நேராக்கிவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. கை தானாகப் போனது.

ஏப்ரல் 16, புதன்

போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம். ஏட்டு நல்லவிதமாகத்தான் கேட்டார்.

"நீங்க எங்கம்மா நின்னீங்க?"

"பக்கத்துல சார்."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை. வேன் மோதியபோது நான் இடது பக்கத்தில்தான் இருந்தேன்.

ஏப்ரல் 23, புதன்

நான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று என் வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிட்டார். அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். இரும்பின் நோவெல்லாம் சத்தத்திலேயே தெரியும் அவருக்கு. என் நோவு தெரியப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கிறது.

"என்ன ஆச்சு உனக்கு?" என்றார்.

"பேப்பர்ல ஒண்ணு படிச்சேன். ஒரு பொம்பள சிக்னல்ல நின்னுட்டிருக்கா. அவளுக்கு முன்னாடி இன்னொருத்தி. பின்னாடி வண்டி வரதப் பாத்து இவ மட்டும் நகந்துட்டா. முன்னாடி இருந்தவளுக்கு அடி. இவ பண்ணது தப்புங்களா?"

"ஒடம்பு நகந்துக்கும். அத யாரும் யோசிச்சா பண்றாங்க? நின்னிருந்தா ரெண்டு பேரும் போயிருப்பாங்க."

இந்தப் பதில் எனக்குப் பிடித்தது. சோறு போட்டுக்கொண்டே இன்னொரு முறை கேட்டேன். அதையே சொன்னார். மூன்றாவது முறை கேட்டபோது சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ரசம் ஊற்றப் போய்விட்டேன்.

மே 6, செவ்வாய்

மறுபடியும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். ஏதோ ஒரு தாளில் கையெழுத்து விட்டுப்போயிருந்ததாம். வெளியே பெஞ்சில் வேன்காரர் உட்கார்ந்திருந்தார். பழனியப்பன் என்று பெயர். ஐம்பது வயதிருக்கும். நான் எதிர்பார்த்தது ஒரு திமிர் பிடித்த ஆளை. இவர் எழுந்து நின்று இடம் விட்டார்.

"ஏம்மா, அந்த நீல வண்டி நீங்கதானுங்களே?" என்றார்.

வண்டிச் சாவியைப் பைக்குள் போட்டேன்.

"தலைய நிமிந்து பாத்தப்ப என்ற முன்னாடி நீல வண்டிதானுங்க இருந்துது. டக்குனு லெப்ட்ல எடுத்துட்டுப் போயிட்டீங்க. அப்பறந்தான் அந்தம்மா தெரிஞ்சாங்க. அதுக்குள்ள..."

"போனைப் பாத்துட்டு வந்தவரு எதைப் பாத்தீங்க? ஒளறாதீங்க!" என்று கத்தினேன். உள்ளே இருந்து ஏட்டு எட்டிப் பார்த்தார். "யோவ், அந்தம்மாகிட்ட என்னய்யா பேச்சு? பண்றதயும் பண்ணிட்டு" என்று அவரை அதட்டினார்.

பழனியப்பன் உட்கார்ந்துவிட்டார். "தப்பு எம்மேலதானுங்க. இல்லைங்கல. பாத்ததச் சொன்னேன், அவ்வளவுதான்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

கையெழுத்துப் போட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தேன்.

மே 7, புதன்

வகுப்பு இல்லை என்று சொல்லிவிட்டேன். வீட்டில் இருந்த பித்தளை, செம்பு எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்தேன்.

மே 26, திங்கள்

புதிதாக நசீமா என்று ஒரு தையல்காரப் பெண் வந்திருக்கிறாள். இருபத்தெட்டு வயது. வாய் துடுக்கு.

முதல் நாளே கண்ணாடிதான். உட்கார்ந்த உயரத்துக்குத் திருப்பி, பின்னால் நிற்கிற வேப்பமரம் முழுசாகத் தெரிகிற வரைக்கும் விடவில்லை. பிறகு சிக்னல் பாடம். மைதானத்தில் செங்கல் வைத்து வரிசை கட்டிக் காட்டினேன். நின்றதும் எஞ்சினை அணைக்காதே. முன்னால் இருக்கிற வண்டியை ஒட்டிப் போகாதே, ஒரு வண்டி நீளம் விடு. நேர் பின்னாலும் நிற்காதே, கொஞ்சம் ஓரம் வாங்கி நில். வரிசையில் நீ கடைசி ஆள் என்றால் உனக்குப் பின்னால் ரெண்டு வண்டி வந்து நிற்கிற வரைக்கும் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காதே. பிரேக்கை விட்டு விட்டுப் பிடி, பின்விளக்கு மினுக்கினால் வருகிறவன் பார்ப்பான். எந்தப் பக்கம் நழுவலாம் என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்.

"கண்ணாடிய மடக்கி வெச்சுத்தான் டீச்சர் பழக்குவாங்கன்னு சொன்னாங்களே?" என்றாள் நசீமா.

"அது முந்தி."

"ஏன் மாத்திட்டீங்க?"

"வெயில் ஜாஸ்தியாயிருச்சு" என்றேன். என்ன பதில் இது! அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

இதில் ஒன்றுகூட நான் புதிதாகக் கற்றுக்கொண்டதில்லை. பதினாறு வருடமாகச் சிக்னலில் நான் இப்படித்தான் நிற்கிறேன். அணைக்காத எஞ்சின், கண்ணாடியில் கண். எனக்கென்று ஒரு முறை, பழக வருகிறவர்களுக்கு வேறு முறை. அவர்கள் பயப்படாமல் சீக்கிரம் பழகினால் என் பெயர் நிலைக்கும் அல்லவா?

ஜூன் 14, சனி

மழைக்காற்று வந்துவிட்டது என்று சிக்னல் பந்தலைப் பிரித்துவிட்டார்கள். நான்கு மூங்கில் குழிகள் மட்டும் இருக்கின்றன. பச்சை விழுந்தும் எடுக்காமல் நின்றுவிட்டேன், பின்னால் இருந்தவர்கள் ஹார்ன் அடித்துத் தீர்த்துவிட்டார்கள்.

அங்கிருந்து பாக்கியக்கா வீட்டுக்குப் போனேன். வாக்கர் பிடித்து நடக்கிறார். ஆகஸ்ட் கடைசி வரைக்கும் மருத்துவ விடுப்பு. செப்டம்பர் முதல் தேதி புதுப் பள்ளியில் கையெழுத்துப் போட வேண்டும். பள்ளி திறந்த அன்று சமையல் உதவியாளர் போன் செய்து பருப்புக்கு எவ்வளவு தண்ணீர் என்று கேட்டாளாம். அதைச் சொல்லும்போது முகம் அப்படி மலர்ந்தது.

பக்கத்து வீட்டுப் பெண் பார்க்க வந்தாள். அவளிடம் பாக்கியக்கா சொன்னார்: "டீச்சர் நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாங்க. எனக்குத்தான் வல்ல. சில பேருக்கு வண்டி வராதுங்க. முன்னப் பின்னப் பாக்கற புத்தி வேணும் அதுக்கு."

"இந்த வயசுல எதுக்குன்னு அன்னைக்கே சொன்னனுங்க" என்றார் நல்லசிவம். கோபமாகச் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொன்னார். வண்டியைச் சரி செய்து வாங்கிவிட்டாராம், விற்றுவிடப் போகிறாராம்.

காபி கொடுத்தார்கள். ஏலக்காய் போட்டிருந்தது. எனக்குப் பிடிக்கும் என்று பாக்கியக்கா சொல்லிப் போட வைத்திருக்கிறார்.

ஜூலை 9, புதன்

இந்த டைரியை முதலிலிருந்து படித்தேன். ஏப்ரல் 11-இல் "நான் பக்கத்தில்" என்று எழுதியிருக்கிறேன். யார் படிக்கப் போகிறார்கள் என்று இந்தப் பொய்? அதைப் பேனாவால் அடித்துவிட்டேன். நடந்ததை எழுதுகிறேன்.

நான் பின்னால் நின்றேன். நேர் பின்னால். பாக்கியக்கா நிழலில், நான் வெயிலில். சிக்னல் பலகையில் ஐம்பத்திரண்டு விநாடி இருந்தது. அவர் எஞ்சினை அணைத்துவிட்டு இரண்டு காலையும் ஊன்றி, நான் சொல்லிக் கொடுத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வண்டியின் கண்ணாடிகளை நான் மடக்கி வைத்திருந்தேன். என் கண்ணாடிகள் விரிந்திருந்தன. என் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

கண்ணாடியில் வேன் தெரிந்தது. வேகம் குறையவில்லை. ஓட்டுகிறவரின் தலை குனிந்திருந்தது. இடது பக்கம் சாக்கடை ஓரமாக ஒரு வண்டி நுழைய இடம் இருந்தது. நின்றவுடனேயே அதைப் பார்த்து வைத்திருந்தேன். திருகினேன். போய்விட்டேன்.

ஹார்ன் அடிக்கவில்லை. "அக்கா" என்று ஒரு சத்தம் போடவில்லை. அதற்கு நேரம் இருந்ததா என்று தினமும் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். சில நாள் இருந்தது என்று வருகிறது, சில நாள் இல்லை என்று வருகிறது.

பாக்கியக்கா அப்போது பேசிக்கொண்டிருந்தார். பந்தலை அண்ணாந்து பார்த்து, "புண்ணியவானுங்க டீச்சர், நல்ல நெழலு" என்றார். திரும்பாமலே சொன்னார். நான் பின்னால் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சொன்னார். அந்த வாக்கியம் முடியும்போது அங்கே நான் இல்லை.

என் வீட்டுக்காரர் சொன்னது சரியாகவே இருக்கலாம். உடம்பு நகர்ந்தது. ஆனால் கண்ணாடியை மடக்கியது நான், யோசித்துத்தான் மடக்கினேன். வாக்குக் கொடுத்ததும் யோசித்துத்தான். ஏட்டிடம் இடது பக்கம் என்று சொன்னதும், பழனியப்பனைப் பொய்யராக்கியதும் உடம்பு செய்ததில்லை.

எழுதியாகிவிட்டது. இதை அவரிடம் சொல்ல வேண்டும். நாளைக்குப் போக வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

போகவில்லை. கேஸ் சிலிண்டர் வருகிற நாள்.

ஜூலை 28, திங்கள்

ஆடிப்பூரம். கோயிலுக்குப் போனேன். பாக்கியக்காவும் வந்திருந்தார், கைத்தடியோடு. என் கையில் வளையல் போட்டுவிட்டார். இரண்டு கைக்கும். சொல்லாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பாக்கியக்கா போன் செய்து வரச் சொன்னார். "உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்குமுங்களே, ஒரு லெட்டர் எழுதோணும்" என்றார்.

போனேன். மேசை மேல் முழுநீள வெள்ளைத்தாள் எடுத்து வைத்திருந்தார். வேலையை விடுவதாக எழுத வேண்டுமாம். நல்லசிவம் வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை கிழித்துக்கொண்டிருந்தார்.

பெறுநர், அனுப்புநர், ஐயா எல்லாம் எழுதினேன். பதினெட்டு ஆண்டுகள் என்று எழுதினேன். "காரணம் என்னங்கக்கா போடறது?" என்று கேட்டேன்.

"உள்ளதப் போடுங்க. எனக்கு வண்டி ஓட்டற தெறம இல்லாததாலன்னு போடுங்க."

"எனக்கு இருசக்கர வாகனம் ஓட்டும்" என்பது வரை எழுதினேன். அதற்கு மேல் போகவில்லை. பேனாவை வைத்தேன்.

"அக்கா, நான் பின்னாடி இல்லீங்க."

அவருக்குப் புரியவில்லை. முதலிலிருந்து சொன்னேன். வேன், கண்ணாடி, சாக்கடை ஓரம், நீல வண்டி. ஸ்டேஷனில் சொன்னதையும் சொன்னேன். கூட்டம் சேருமுன் கண்ணாடியை நேராக்கியதையும் சொன்னேன். அழக்கூடாது என்று நினைத்திருந்தேன். அழுதேன்.

நல்லசிவம் எழுந்து உள்ளே வந்துவிட்டார். வெற்றிலை கையிலேயே இருந்தது. "எந்திரிச்சுப் போயிருங்கம்மா" என்றார்.

"இருங்க" என்று அவரை நிறுத்தினார் பாக்கியக்கா. என் பக்கம் திரும்பினார்.

"கண்ணாடி விரிச்சிருந்தா எனக்கு அந்த வேன் தெரிஞ்சிருக்குமுங்களா?"

"தெரிஞ்சிருக்குமுங்கக்கா."

"எஞ்சின் ஓடிட்டு இருந்திருந்தா?"

"நகந்திருக்கலாம். உங்களுக்கு வண்டி நல்லாவே வருதுங்க. வராம இல்லீங்க."

காலில் தையல் போட்ட இடத்தைத் தடவிக்கொண்டே பேசினார்.

"நீங்க நகந்ததுக்கு நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க. நானா இருந்தாலும் நகந்திருப்பேன். ஆனா ஆஸ்பத்திரில கேட்டனே டீச்சர், நான் என்னங்க தப்புப் பண்ணினேன்னு. அப்பறம் எத்தன தடவ கேட்டேன்? நாலு மாசம். என்ற புத்தியவே நான் நம்பாமப் போயிட்டனே."

எழுந்து வந்துவிட்டேன். அந்தத் தாளை அவர் கிழிக்கவும் இல்லை, என்னிடம் கொடுக்கவும் இல்லை. மேசை மேலேயே இருந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

ஸ்டேஷனுக்குப் போய் வாக்குமூலத்தை மாற்ற வேண்டும் என்றேன். "பக்கத்துலயோ பின்னாடியோ, கேசு அந்த ஆளு மேலதானம்மா" என்றார் ஏட்டு. எழுதிக்கொள்ளுங்கள் என்று நின்றேன். எழுதிக்கொண்டார்.

பழனியப்பன் வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். கொல்லம்பாளையத்தில் ஒரு சந்துக்குள். நீங்கள் பார்த்தது சரி, நான்தான் பொய் சொன்னேன் என்றேன். "சரிங்க" என்றார். தண்ணீர் கொடுத்தார். போனை இப்போதெல்லாம் வண்டியில் எடுப்பதில்லை என்றார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

பாக்கியக்காவிடமிருந்து எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

எதுவும் இல்லை. என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பேப்பர்ல படிச்சேன்னப்பவே தெரியும். நம்ம வீட்டுல ஏது பேப்பர்?" என்றார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு மைதானத்தில் புதிதாக வந்த ஒரு பெண்ணுக்குச் செங்கல் வரிசை வைத்துப் பழக்கிக்கொண்டிருந்தேன். பாக்கியக்காவின் வண்டி வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் நல்லசிவம். பின்னால் பாக்கியக்கா. கைத்தடி இல்லை.

என் அருகில் வந்தார். "மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. அதுக்கு நாளாகுமாட்டம் இருக்குது. முதல் தேதி வேலைக்குப் போகோணும். ஈரோட்டுல எனக்குத் தெரிஞ்ச டீச்சர் நீங்க ஒருத்திதான். அந்தப் புள்ளைக்குச் சொல்லிக் குடுக்கறீங்களே செங்கல் வெச்சு, அத எனக்கும் சொல்லிக் குடுங்க."

நல்லசிவம் என் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டிச் சாவியைப் பாக்கியக்காவின் கையில் கொடுத்துவிட்டு வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டார்.

இரண்டு கண்ணாடிகளையும் விரித்தேன். உடைந்ததற்குப் பதிலாகப் புதிது போட்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஒரு வாரம் மைதானம். இன்று ரோடு. நாளைக்கு அவர் வேலையில் சேர வேண்டும்.

நான் வழக்கம்போல் என் நீல வண்டியை எடுக்கப் போனேன். "அது வேண்டாமுங்க" என்றார் பாக்கியக்கா. "என்ற பின்னாடி ஏறுங்க."

ஏறினேன். பெருந்துறை ரோட்டில் விட்டார். வேண்டுமென்றேதான் அந்த வழியாகப் போனார். சிக்னலில் சிவப்பு. பலகையில் அறுபத்தெட்டு விநாடி. முன்னால் ஒரு பைக். அதை ஒட்டாமல் இடம் விட்டு, சாக்கடைப் பக்கமாகக் கொஞ்சம் ஓரம் வாங்கி நிறுத்தினார். வரிசையில் நாங்கள்தான் கடைசி. மூங்கில் குழிகளில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

பின்சீட்டில் இருப்பவருக்குக் கண்ணாடி கிடையாது. இத்தனை வருடம் எத்தனையோ பேருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன், அது எனக்கு இன்றுதான் உறைத்தது. பின்னால் கனமான வண்டி ஒன்று வருகிற சத்தம் கேட்டது. லாரியா பஸ்ஸா தெரியவில்லை. சத்தம் ஏறிக்கொண்டே வந்தது. முதுகெல்லாம் கூசியது. எனக்கும் அந்த வண்டிக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. கால் தானாகத் தரையைத் தேடியது. திரும்பிப் பார்க்கத் தலையைத் திருப்பினேன்.

"அசையாதீங்க டீச்சர்" என்றார் பாக்கியக்கா. அவர் கண் கண்ணாடியில் இருந்தது. கை பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்துக்கொண்டிருந்தது. "முன்னாடி மட்டும் பாருங்க. பின்னாடி நான் பாத்துக்கறேன்."

கால்களை எடுத்து மேலே வைத்தேன். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தேன். முப்பத்தொன்று, முப்பது, இருபத்தொன்பது. பின்னால் பெரிதாகப் பெருமூச்சு விட்டு அந்த வண்டி நின்றது.

"பஸ்ஸுங்க" என்றார் பாக்கியக்கா. "நின்னுருச்சு."